இதய உறையும் ஒரு மஞ்சள் கயிறும்

"எத்தினி வருஷமா குடிக்கிறீங்க?" என்றுதான் கடலூர் டாக்டர் முதலில் கேட்டார். குடிப்பீர்களா என்று கேட்டிருந்தால் இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். எத்தனை வருஷம் என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? "பழக்கம் இல்லிங்க சார்" என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் காக்கிச் சட்டையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அஞ்சலையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடமாக நான் கண்டக்டர். என் உடம்புக்கு வந்ததை இப்போது எழுதக் காரணம், என்னைப் போலவே வயிற்றைத் தூக்கிக்கொண்டு, சொன்னதை யாரும் நம்பாமல், எங்காவது ஒருவன் உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான். அவன் கையில் இது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் எழுதிய வரைக்கும் எனக்குக் கொஞ்சம் பாரம் குறையும்.

முதலில் கால் வீங்கியது. நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிறவனுக்குக் கால் வீங்குவது ஒரு செய்தியா? எங்கள் ஷெட்டில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அடுத்து கழுத்தில் ஒரு நரம்பு கயிறு போலப் புடைத்துக்கொண்டு நின்றது. விசில் ஊதி ஊதி வந்தது என்று நினைத்தேன். கடைசியில் வயிறு. சட்டைப் பொத்தான் போட முடியாமல் வயிறு முன்னால் வந்தபோது மட்டும் காரணம் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைக்காத காரணம் ஊருக்குக் கிடைத்துவிட்டது.

டாக்டர் ஸ்கேன் எடுத்தார். கல்லீரல் வீங்கியிருக்கிறது, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்று தாளில் வந்தது. கல்லீரலுக்கு மாத்திரை எழுதி, "இனிமே தொடாதீங்க" என்று அனுப்பிவைத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் வருகிற பத்து வயிற்றில் ஒன்பது அப்படித்தான் இருக்கும். பத்தாவது வயிறாக நான் போனது என் நேரம்.

அஞ்சலை மேலும் கோபப்பட முடியவில்லை. அவள் அப்பா குடித்தே செத்தவர். "எங்கப்பாவுக்கும் வயிறு இப்புடித்தான் மாமா இருந்துது. தொட்டுப் பாத்தா இப்புடித்தான் கல்லு மாதிரி இருக்கும்" என்று ஒரு நாள் என் வயிற்றில் கை வைத்துச் சொன்னாள். அதன் பிறகு என் பையைத் துழாவ ஆரம்பித்தாள். தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்தாள். எங்கள் டிரைவர் வேலை முடிந்ததும் போடுகிறவர். அவரோடு நின்று பேசிவிட்டு வந்தால் என் சட்டையிலும் வாடை இருக்கத்தானே செய்யும். பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திய பிறகு, நான் குளிக்கப் போகும்போது என் மனைவி என் சட்டையை முகர்ந்து பார்ப்பதைக் கதவு இடுக்கில் பார்த்தேன். அன்றைக்கு வந்த அவமானம் பிறகு எந்த ஊசியிலும் வரவில்லை.

இரண்டு மாதம் மாத்திரை தின்றும் வயிறு இறங்கவில்லை. அஞ்சலையின் அண்ணன் ஏழுமலை காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம் செய்கிறவர். அவர் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"மாப்ள, தப்பா எடுத்துக்காத. பண்ருட்டிப் பக்கம் ஒரு அம்மன் கோயிலு கீது. கயிறு கட்னா வுட்டுடலாம். எங்க ஊர்லயே நாலு பேரு வுட்டுட்டானுங்க."

"குடிக்கிறவன் வுடலாம் மச்சான். நான் எத்த வுடறது?"

"அதான் சொல்றன், தப்பா எடுத்துக்காதன்னு."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். குடிக்கிறவர்களைக் கோயிலுக்கு இழுத்துப் போய்ச் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுவார்கள். குடிக்காதவனுக்குக் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அப்போது நான் பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிற நிலையில் இருந்தேன். வாதாடுவதற்கும் மூச்சு வேண்டும். சரி என்று போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் அன்று காலையிலும் போட்டுவிட்டு வந்திருந்தான். கையில் சூடத்தை எரியவிட்டு, "இனி தொட மாட்டேன்" என்று மூன்று முறை சொன்னேன். பூசாரி என் வலது புஜத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். அதில் ஒரு சின்னச் செப்புத் தாயத்து. ஒரு வருடம் அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் சத்தியம் போய்விடும் என்றார். அஞ்சலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம், மூச்சு வாங்கிக்கொண்டே வேலைக்குப் போன ஒரு நாள், சிலம்பிமங்கலம் தாண்டி, ஓடுகிற பஸ்ஸில் கண் இருட்டி விழுந்தேன். டிரைவர் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் நேராகச் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸை ஓட்டிவிட்டார். பயணிகள் ஒருவரும் குறை சொல்லவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பரங்கிப்பேட்டைக்குப் போக முட்லூரில் இறங்க வேண்டிய ஒரு பாய் குடும்பம், குழந்தை குட்டியோடு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, நான் கண் திறக்கிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் போனார்களாம்.

அங்கே இருந்த இதய டாக்டரம்மா என் வயிற்றைத் தொடுவதற்கு முன் கழுத்தைப் பார்த்தார். சாய்த்து உட்காரவைத்து, விளக்கைப் போட்டு, அந்த நரம்பையே வெகுநேரம் பார்த்தார்.

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

"விசில் ஊதறதுல வந்ததுங்க மேடம்."

அவர் சிரிக்கவில்லை. நெஞ்சில் ஜெல்லி தடவி எக்கோ எடுத்தார். பிறகு என்னையும், சேதி கேட்டு ஓடிவந்திருந்த அஞ்சலையையும் மச்சானையும் உட்காரவைத்து விளக்கினார். இதயத்தைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. இரண்டு அடுக்குப் பை. நடுவில் கொஞ்சம் நீர். அந்தப் பை இளகி இருந்தால்தான் இதயம் விரிந்து ரத்தத்தை வாங்க முடியும். பை தடித்து இறுகிவிட்டால் வருகிற ரத்தத்துக்கு உள்ளே இடம் கிடைக்காது. அது கழுத்தில் தேங்கும், கல்லீரலில் தேங்கும், வயிற்றிலும் காலிலும் நீராக இறங்கும். நிறைந்துபோன பஸ்ஸில் ஏற முடியாமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் தேங்குவதுபோல என்று நான் புரிந்துகொண்டேன்.

"அப்ப குடியில வந்தது இல்லியா மேடம்?" என்று மச்சான் கேட்டார்.

"உறையாலதான் இருக்கும்னு நெனைக்கிறேன். எக்கோவ மட்டும் வெச்சி உறுதியா சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. எடுக்கணும்" என்றார். ஊசி வழியாக ஒரு மருந்தை ஏற்றிப் படம் எடுப்பார்களாம். உறை இன்னும் புண்ணாக இருந்தால் படத்தில் வெள்ளையாக மின்னும். அப்படியானால் மாத்திரையிலேயே ஆற்றப் பார்க்கலாம். மின்னவில்லை என்றால் புண் எல்லாம் காய்ந்து கெட்டிப்பட்டுவிட்டது என்று பொருள். அப்போது சென்னைக்கு அனுப்பி, நெஞ்சைத் திறந்து, அந்த உறையை உரித்து எடுக்க வேண்டும்.

மச்சானுக்கு அந்த ஒரு சொல்தான் காதில் விழுந்தது. "முந்திரிப் பருப்புல மேல்தோல உரிக்கிற மாதிரியா மேடம்?"

"அப்படித்தான். ஆனா இது துடிச்சிட்டே இருக்கும்."



படம் எடுக்க ஒன்பது நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அதுவரை வார்டில் கிடந்தேன். நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். குடிக்கிற தண்ணீரை அளந்தார்கள், போகிற நீரை அளந்தார்கள், காலையில் எழுந்ததும் எடை பார்த்தார்கள். உப்பில்லாத கஞ்சி. மல்லாந்து படுத்தால் நெஞ்சு அடைக்கும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். இதைக் கேள்விப்பட்ட எங்கள் டிரைவர், ஷெட்டில் கிடந்த பழைய பஸ் சீட் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டார். அதை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்துதான் அத்தனை நாளும் தூங்கினேன். இருபத்திரண்டு வருடத்தில் எங்கள் பஸ்ஸில் எனக்குக் கிடைத்த முதல் சீட் அது.

அஞ்சலை என் கூடவே இருந்தாள். முதுகு தடவினாள், கால் அமுக்கினாள், பாட்டிலில் பிடித்த மூத்திரத்தை முகம் சுளிக்காமல் கொண்டுபோய்க் கொட்டினாள். ஆனால் என்னைப் பார்க்க ஷெட்டிலிருந்து யாராவது வந்துவிட்டுப் போனால், தலையணைக்கு அடியில் கை விட்டுப் பார்த்தாள். டாக்டரம்மா நினைக்கிறேன் என்றுதானே சொன்னார், உறுதியாகச் சொல்லவில்லையே. அந்த இடைவெளியில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். எனக்கு அந்தப் படத்திடம் இரண்டு காரியம் ஆக வேண்டியிருந்தது. கத்தியா மாத்திரையா என்று அது சொல்ல வேண்டும். நான் யோக்கியன் என்றும் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மச்சான் சிதம்பரத்துப் பெரிய கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். "புண்ணு இருக்கணும்னு வேண்டிகிட்டன் மாப்ள. இந்த மாதிரி ஒரு வேண்டுதல எந்த சாமியும் கேட்டிருக்காது" என்றார். அவர் கொண்டுவந்த உப்பு முந்திரியை நான் தொடக் கூடாது என்பதால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரே தின்று தீர்த்தார்.

படம் எடுக்கிற அன்று, பின்பக்கம் நாடா வைத்த ஒரு அங்கியை மாட்டிவிட்டார்கள். மோதிரம், அரைஞாண், எல்லாம் அஞ்சலையின் முந்தானையில் முடிச்சாகப் போனது. படம் எடுக்கும் பெண் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, உடம்புக்குள் கம்பி உண்டா, கண்ணில் இரும்புத் தூள் பட்டதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியாக ஒரு கருவியை என் மேல் ஓட்டினாள். வலது தோளுக்குக் கீழே அது கத்தியது.

"கையில என்னா சார்?"

"கயிறுங்க."

"என்னா கயிறு?"

"குடிய நிறுத்தக் கட்னது."

"குடிப்பீங்களா?"

"இல்லிங்க."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "செம்பா இருந்தாலும் உள்ள என்னா வெச்சிருக்காங்கன்னு தெரியாது. இரும்பு துளி இருந்தாலும் காந்தம் இழுக்கும், படமும் கறுத்துடும். கழட்டிடுங்க" என்றாள். முடிச்சு அரக்கு வைத்து இறுக்கியது. வெட்டத்தான் வேண்டும். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, வெளியே நின்ற அஞ்சலையையும் உள்ளே கூப்பிட்டாள்.

"அத வெட்டக் கூடாதுங்க. ஒரு வருஷம்" என்றாள் அஞ்சலை.

"அப்ப படம் எடுக்க முடியாதும்மா. இன்னிக்கி வுட்டா மறுபடி பத்து நாள் ஆவும்."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது சந்தேகம் இல்லை, பயம்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது தெரிந்தும் என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

"வெட்டு. குடிக்கலன்னு மூணு மாசமா சொல்றன். நம்பலன்னா போவுது. படமாச்சும் எடுக்கட்டும்."

அவள் கத்தரிக்கோலை வாங்கினாள். இரண்டு முறை கயிறு நழுவியது. மூன்றாவது முறை வெட்டினாள். வெட்டிய கயிற்றைக் கீழே போடாமல், பையில் போடாமல், தன் இடது மணிக்கட்டில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். "நீ வெளிய வர்ற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். தாயத்து வளையலில் இடித்துச் சத்தம் போட்டது. எங்கள் பக்கத்தில் அந்தக் கயிற்றைப் பார்த்தவுடன் குடிக்குக் கட்டியது என்று தெரிந்துகொள்வார்கள். அவள் வெளியே போய் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டாராம். மச்சான் பிறகு சொன்னார்.

இயந்திரத்துக்குள் போவதைப் பற்றி எல்லோரும் சத்தத்தைத்தான் சொல்வார்கள். சத்தம் எனக்குப் பழக்கம். மல்லாந்து படுப்பதுதான் கஷ்டம். நெஞ்சில் ஒயர் ஒட்டி, மேலே கனமாக ஒரு பட்டையைப் போட்டு, கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்து, முடியாவிட்டால் அமுக்குங்கள் என்றார்கள். இதயப் படத்துக்கு மூச்சை அடக்க வேண்டும். துடிப்பை நிறுத்த முடியாது. மூச்சையாவது நிறுத்தினால்தான் படம் கலங்காமல் வரும். காதில் மாட்டியதில் அந்தப் பெண் குரல் வரும்: "இழுங்க, வுடுங்க, அப்படியே நிறுத்துங்க." பத்து எண்ணுவதற்குள் உயிர் போய் வரும். "இப்ப மூச்சு வுடலாம்." உடனே மறுபடியும் இழுங்க.

இப்படி எத்தனை என்று கேட்டிருந்தேன். முப்பதுக்கு மேல் என்றாள். ஒரு மணி நேரம் ஆகும் என்றாள். ஒரு மணி நேரம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கடலூர் ஸ்டாண்டில் பஸ்ஸை எடுத்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு நிறுத்தம். முதுநகர், காரைக்காடு. மனசுக்குள்ளேயே விசில் கொடுத்தேன். ஆலப்பாக்கத்தில் அடக்க முடியாமல் இருமிவிட்டேன். "கலங்கிடுச்சி சார், திரும்ப" என்றாள். பஸ்ஸைப் பின்னால் எடுத்து மறுபடி ஆலப்பாக்கத்தில் நிறுத்தினேன். புதுச்சத்திரத்தில் கையில் சில்லென்று மருந்து ஏறியது. வாயில் காசைச் சப்பிய ருசி. பெரிய ஊர், சின்ன ஊர், கையைக் காட்டினால் நிற்கிற இடம் எதையும் விடவில்லை. நான் விழுந்த இடமும் வந்தது. அதையும் தாண்டி முட்லூருக்கு வரும்போது கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. அந்தக் குழாய்க்குள் எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. நெஞ்சைத் திறந்து உரிக்க வேண்டாம், அவளுக்கு மறுபடி ஒரு சாவைக் காட்ட வேண்டாம், அவ்வளவுதான் என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா திரையில் படத்தைக் காட்டினார். கறுப்புக்கு நடுவே என் இதயம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதைச் சுற்றி, கோலப்பொடியால் இழுத்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு.

"மின்னுது பாருங்க. புண் இருக்கு. ஆத்திடலாம்" என்றார்.

மச்சான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"மேடம், நான் குடிக்கலன்னு இந்தப் படத்துல தெரியுதுங்களா?"

"உங்க வயித்துக்குக் காரணம் இந்த உறைதான்னு தெரியுது. குடிச்சீங்களா இல்லையான்னு மெஷினுக்குத் தெரியாதுங்க. அது உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் சாட்சிக்கு வரச் சொன்ன ஆள் வாசலோடு திரும்பிப் போய்விட்டதுபோல இருந்தது. மச்சான் மட்டும் வெளியே வந்ததும், "நான் அன்னிக்கே சொன்னன், என் மாப்ள அந்த மாதிரி ஆளு இல்லன்னு" என்றார். யாரிடம் சொன்னார், எப்போது சொன்னார் என்று கேட்க எனக்கு மூச்சில்லை. கயிறு அஞ்சலையின் மணிக்கட்டிலேயே இருந்தது.

எதனால் அந்தப் புண் வந்தது என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. காசநோயாக இருக்குமோ என்று சளி, ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. எப்போதோ வந்த காய்ச்சலில் மிஞ்சியதாக இருக்கலாம் என்றார்கள். மூன்று மாதம் மாத்திரை. முகம் உப்பியது, தூக்கம் போனது, வாய் கசந்தது. ஆனால் கால் வற்றியது. கழுத்து நரம்பு அடங்கியது. வயிறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒரு நாள் காக்கிச் சட்டையின் கடைசிப் பொத்தானும் ஏறியது. மறுபடி எடுத்த படத்தில் அந்த வெள்ளைக் கோடு மங்கிப்போயிருந்தது. அத்தனை நாளும் அஞ்சலை கயிற்றோடுதான் சமைத்தாள், துவைத்தாள், தூங்கினாள். மஞ்சள் போய் அது அழுக்கு நிறமாகிவிட்டது. நான் கேட்கவில்லை. கேட்டு, நான் பயப்படுகிற பதில் வந்துவிட்டால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "கோயிலுக்குப் போயிட்டு வரலாம் மாமா" என்றாள். எந்தக் கோயில் என்று தெரியும். வருடம் முடியவில்லை, என் கையில் திருப்பிக் கட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கட்டட்டும் என்று கிளம்பினேன்.

அதே வரிசை, அதே சாராய வாடை. எங்கள் முறை வந்தது. நான் சட்டைக் கையை மேலே சுருட்டினேன். அஞ்சலை என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போய்த் தன் கையை நீட்டினாள்.

"இத அவுக்கணும் சாமி."

பூசாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு யாரும்மா கட்னது?"

"இது இவரு கயிறு. இவரு குடிச்சதே இல்ல சாமி. நான்தான் நம்பாம இழுத்தாந்து கட்ட வெச்சன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பூசாரிக்கு இதெல்லாம் பழகிய கதை. "எல்லா வூட்டுப் பொம்பளையும் வெளிய அப்புடித்தாம்மா சொல்லுவாங்க" என்றார்.

"எங்கப்பா குடிச்சே செத்தாரு. அவர ஒரு நாளும் குடிக்கலன்னு நான் சொன்னது இல்ல" என்றாள் அஞ்சலை.

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பூசாரி கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். அது இருந்த இடத்தில் அவள் மணிக்கட்டு வெளுத்துக் கிடந்தது. நெஞ்சு அடைப்பதற்கும் தொண்டை அடைப்பதற்கும் எனக்கு இப்போது வித்தியாசம் தெரியும்.

திரும்பும்போது கோயில் நிறுத்தத்தில் பஸ் ஏறினோம். கண்டக்டர் எனக்குத் தெரிந்த பையன். எங்களைப் பார்த்தான், ஏறிய இடத்தைப் பார்த்தான், கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"என்னாண்ணே, வுட்டுட்டியா?"

"ம், வுட்டுட்டன்" என்றேன்.

அஞ்சலை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நெல்லிக்குப்பம் வரைக்கும் நிறுத்த முடியாமல் சிரித்தேன், நெஞ்சு வலிக்கவில்லை.